கடல் தாண்டிய காப்பு

இருபது வருஷத்துக்கு மேலாக இதயத்துக்கான சாமானைச் சோதிக்கிற வேலை எனக்கு. இன்றுவரை ஓர் இதயத்தை நேரில் பார்த்ததில்லை. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நீலக் கோட்டும் தலையுறையும் மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான சர்க்யூட் போர்டுகளைச் சோதனைப் பெட்டியில் வைத்து எடுப்பேன். அவை விமானமேறி வேறு தேசத்துக்குப் போய், உலோக உறைக்குள் அடைபட்டு, பேஸ்மேக்கராகி, யார் யார் நெஞ்சுக்குள்ளோ போய்ச் சேரும். யாருக்கு என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நாங்களும் கேட்கமாட்டோம்.

பேஸ்மேக்கர் என்றால் கரண்ட் கொடுக்கிற பெட்டி என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். கொடுப்பது சுலபம். கொடுத்த பிறகு கேட்பதுதான் கஷ்டம். பெட்டி ஒயர் வழியாக இதயத்துக்கு ஒரு சின்ன அதிர்வை அனுப்புகிறது. இதயத் தசை அதை ஏற்றுக்கொண்டு சுருங்கினால், அந்தத் தசையிலிருந்து மெல்லிய மின்சாரம் ஒன்று எழும். அதுதான் பதில். பதில் வந்தால் பெட்டி பேசாமல் அடுத்த துடிப்புக்குப் போகும். வராவிட்டால் உடனே பலமாக இன்னொரு தடவை கொடுக்கும். எவ்வளவு குறைத்தால் இதயம் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று அவ்வப்போது தானே சோதித்து, அதற்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளும். பேட்டரி பல வருஷம் தாங்குவது அதனால்தான்.

சிக்கல் எங்கே என்றால், அதிர்வைக் கொடுத்த அதே ஒயர் நுனியில்தான் பதிலையும் கேட்டாக வேண்டும். கொடுத்த கரண்டின் மிச்சம் கொஞ்ச நேரம் அந்த நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பூசை மணியைக் காதோரம் அடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர் மெல்லப் பேசுவதைக் கேட்கிற மாதிரி. எங்கள் போர்டு அந்த மிச்சத்தைச் சட்டென்று அடக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் சோதனையில் இதயத்துக்குப் பதிலாக ஓர் இரும்பு டப்பா இருக்கிறது. அது எப்போதும் பதில் சொல்லும். சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். அது சொல்லியும் "பதில் வரவில்லை" என்று ஒரு போர்டு காட்டினால் போர்டு கெட்டது என்று அர்த்தம். கழிவுக்கான சிவப்புத் தட்டில் போட வேண்டியதுதான். அதில் பேச்சே கிடையாது. இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்ட புதுப் பெண்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "அந்த அக்கா வாயில மட்டும் மாட்டிக்காத லா" என்று கேன்டீனில் பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். பேசட்டும். நெஞ்சுக்குள் போகிற சாமான்.

என் அண்ணனுக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாகான் டாலாமில் தனியாக இருந்தார். அண்ணி தவறிவிட்டார்கள், ஒரே மகன் சிங்கப்பூரில். ஒருநாள் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். இதயம் மெதுவாக ஓடுகிறது, சில நேரம் நின்று நின்று ஓடுகிறது என்றார்கள். மகன் ஏற்பாடு செய்து, கடலுக்கு இந்தப் பக்கம், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெட்டியை வைத்தார்கள்.

விழித்ததும் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா, இது உன் கம்பெனி சாமானா?" எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு நான் பாப்பாதான்.

"யாருக்குத் தெரியும் அண்ணே. இருந்தாலும் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கோயிலில், கோப்பிக் கடையில், போகிற வருகிறவர்களிடம் எல்லாம் இடது தோளுக்குக் கீழே இருக்கும் புடைப்பைத் தொட்டுக் காட்டி, "என் தங்கச்சி செக் பண்ணி அனுப்புன மெஷினு. நின்னுடுமா?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வீட்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். நெஞ்சுக்குள் இருப்பது என்ன சொல்கிறதோ அதை வாங்கி, அது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அண்ணன் தெரியாத நம்பரில் கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டார். அதனால் என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தோம்.

அவருடைய நேர்த்திக்கடனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணி படுக்கையில் விழுந்தபோது, பாகான் டாலாமில் எங்கள் அம்மன் கோயிலுக்கு மூன்று வருஷம் பால்குடம் எடுப்பதாக அண்ணன் நேர்ந்துகொண்டார். இரண்டு வருஷம் எடுத்தார். மூன்றாவது வருவதற்குள் அண்ணி போய்விட்டார்கள். ஒரு வருஷம் துக்கம், கோயிலுக்குப் போகக் கூடாது. அடுத்த திருவிழா வந்தபோது புதிதாகப் பெட்டி வைத்திருந்தது. இடது கையைத் தூக்கக் கூடாது, ஒயர் நகர்ந்துவிடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதற்கு அடுத்த வருஷம்தான் நான் சொல்ல வந்தது. டாக்டர் சரி சொல்லிவிட்டார். அண்ணன் விரதத்தில் இறங்கிக் காப்புக் கட்டிக்கொண்டார்.

எங்கள் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடியேறி, கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால் கடல் தாண்டக் கூடாது. பினாங்குத் தீவுக்குப் போகக் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம். ஃபெரியில் ஏறினால் எதிர்க்கரைதான், ஆனால் கடல் கடல்தானே. காப்புக் கட்டியவர் கோயில் மணி கேட்கிற தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அப்படித் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வருஷம் அதோடு சரி. மறுபடி கட்டமாட்டார்கள்.

திருவிழா தொடங்கிச் சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து மிஸி, அதாவது நர்ஸ், கூப்பிட்டாள். தமிழ்ப் பெண்தான். நான் வேலை இடைவேளையில் கேன்டீனில் இருந்தேன்.

"அக்கா, உங்க அண்ணன் மெஷின் ரிப்போர்ட் வந்திருக்கு. ஆட்டோ டெஸ்ட்ல ஹார்ட்டோட பதில் கன்ஃபர்ம் ஆகல. இந்த வாரம் ஒரு தடவை கூட்டிட்டு வர முடியுமா?"

பதில் வரவில்லை. இருபது வருஷமாக நான் திரையில் பார்க்கிற வார்த்தை அது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புத் தட்டு மட்டும்தான். போர்டு கெட்டுவிட்டது, அண்ணன் நெஞ்சுக்குள் கெட்ட போர்டு ஓடுகிறது. அதற்கு மேல் இன்னொன்று: அது நான் பாஸ் போட்ட போர்டாக இருந்தால்? மிஸியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கூட்டிட்டு வரேன், கூட்டிட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஃபெரி பிடித்து அக்கரை போனேன். அண்ணன் மஞ்சள் வேட்டியோடு தரையில் உட்கார்ந்து இலையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் காப்பு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வா பாப்பா, பசியாறிட்டியா?"

நான் பசியாறவும் இல்லை, உட்காரவும் இல்லை. நின்றபடியே விஷயத்தைக் கொட்டினேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே. நல்லாத்தான இருக்கேன்."

"பாசார்ல விழுந்தீங்களே, அன்னைக்குக் காலையிலயும் நல்லாத்தான் இருந்தீங்க."

"திருவிழா முடிஞ்சு போவோம்."

"திருவிழா முடியிற வரைக்கும் மெஷின் காத்திருக்குமா?"

"காப்புக் கட்டியிருக்கேன்னு அவங்ககிட்ட சொன்னியா பாப்பா?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில போய்ச் சொல்ல முடியுமா? சிரிப்பாங்க லா!"

"சரி, இந்தப் பக்கத்துலயே பாக்க முடியாதா? இங்கயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே. கேட்டியா?"

இந்தக் கேள்வியை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. தட்டிக்கழிக்கிறார் என்றுதான் பட்டது. "அந்த மெஷினைப் பாக்குற கம்ப்யூட்டர் அங்கதான் இருக்கு" என்று அடித்துச் சொன்னேன். யாரிடம் கேட்டேன்? யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பேச்சு ஏறிக்கொண்டே போனது. அதாவது நான்தான் ஏறிக்கொண்டே போனேன். அவர் குரல் ஏறவே இல்லை. கடைசியில் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "அண்ணிதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே! அவங்க பொழைக்கணும்னு நேர்ந்தது. இன்னும் யாருக்குக் குடம் தூக்கப்போறீங்க?"

அண்ணன் இலையை மடித்தார்.

"அவ போயிட்டா. நான் சொன்ன வார்த்தை போகலையே பாப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரிகளுக்கு அழுகை வந்தால் நிற்காது. "ஊர் பூரா என் தங்கச்சி மெஷினு, என் தங்கச்சி மெஷினுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறீங்க. அது நான் பாஸ் போட்ட போர்டா இருந்து உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, நான் எப்படிண்ணே உசுரோட இருப்பேன்? அதைச் சொல்லுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து கை கழுவினார். "சரி. அழாத. வா, கோயிலுக்குப் போயிட்டுப் போவோம்."

பூசாரி ஒன்றும் கடிந்து பேசவில்லை. "உடம்பு முக்கியம்லா அண்ணே, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்று சொல்லிக்கொண்டே காப்பை அவிழ்த்தார். மஞ்சள் கயிறு இருந்த இடத்தில் அண்ணன் மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. காப்பை அம்மன் காலடியில் வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு நடந்தார். ஃபெரியில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாகான் டாலாம் கரை பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஏதேதோ பேசினேன். "ம்" என்றார். சமாதானமாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மிஸி அவரைப் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, பெட்டிக்கு மேலே ஒரு வட்டமான கருவியை வைத்தாள். திரையில் கோடு ஓடியது. எனக்குப் பழக்கமான கோடுதான். ஆனால் என் டப்பாவில் ஒரே அச்சாக வரும். இது ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறாக, மூச்சு விடும்போது ஒரு மாதிரி, இழுக்கும்போது ஒரு மாதிரி வந்தது. மிஸி அதிர்வின் பலத்தைக் கையாலேயே படிப்படியாகக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க அண்ணனின் இதயம் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. ரொம்பக் கீழே போன பிறகுதான் ஒரு துடிப்பை விட்டது. மிஸி உடனே பலத்தை ஏற்றிவிட்டாள்.

"ஹார்ட் சூப்பரா பதில் சொல்லுது அங்கிள்" என்றாள். "ஆனா பதில் கொஞ்சம் சன்னமா வருது. கொடுத்த கரண்டோட மிச்சத்துல அது மறைஞ்சிடுது. அதான் மெஷினுக்குக் கேக்கல. சில பேருக்கு இப்படி ஆகும். ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டு நானே ஒரு அளவு வச்சிடுறேன். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்ளோதான்."

"அப்ப மெஷின் கெட்டுப்போகலையா?" என்றேன்.

"இல்லையே அக்கா. பதிலைக் கேக்க முடியலன்னா அது தானாவே பலமாத்தான் கொடுக்கும். இத்தனை நாளும் அப்படித்தான் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கு. ஆபத்து ஒண்ணும் இல்ல."

பதில் வராதது வேறு, வந்த பதில் கேட்காதது வேறு. அந்த வித்தியாசத்துக்காகத்தான் எங்கள் லைனே இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம். எனக்கே அது தெரியாமல் போயிற்று. எங்கள் டப்பாவில் சன்னமான பதில் என்று ஒன்று கிடையாது.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் மிஸி, இது கொஞ்ச நாள் கழிச்சு வந்திருந்தா?"

"வந்திருக்கலாமே அங்கிள். ஏன், ஏதாவது வேலை இருந்துச்சா?"

"கோயில்ல காப்புக் கட்டியிருந்தேன்."

"ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதா! எங்க வீட்லயும் கட்டுவாங்க அங்கிள். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மெஷின் கம்பெனி ஆளு கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு அடிக்கடி போறாரு. அங்கயே பாத்திருப்பாரே."

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "பரவால்லம்மா, பரவால்ல" என்று அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

வெளியே வந்ததும், "பசிக்குது பாப்பா. ஏதாச்சும் சாப்பிடுவோம்" என்றார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். இலையைப் போட்டுக் காய்கறி வைத்தார்கள். சாம்பார் வாளியோடு வந்த பையனைக் கையமர்த்தி அண்ணன் சொன்னார்: "மீன் கறி ஊத்து தம்பி."

விரதம் தொடங்கி மீன் வாடையே படாமல் இருந்த மனிதர். ஒரு துண்டு மீனும் கேட்டு வாங்கி, முள்ளை நிதானமாக எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். என்னைக் குத்திக்காட்டச் செய்தாரா என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லை. அவருக்கு அப்படியெல்லாம் தெரியாது. விரதம் போய்விட்டது, பசிக்கிறது, சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. "சாப்பிடு பாப்பா, ஏன் அளைஞ்சுக்கிட்டு இருக்க" என்று தன் இலையிலிருந்து பாதி மீனை எடுத்து என் இலையில் வைத்தார்.

பால்குடத்தன்று நானும் போனேன். மேளம் முன்னால் போக, மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாகக் குடங்கள் வரிசையாகப் போயின. அண்ணன் ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் எல்லாம் "என்ன லா அண்ணே, இந்த வருஷம் எடுக்கலையா?" என்று கேட்டார்கள். "உடம்பு சரியில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் ஒவ்வொருவரிடமும். தங்கச்சி இழுத்துப்போனாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு கப் மோர் நீட்டினார். "குடி பாப்பா, என்னா வெயிலு." அவர் ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

ஒரே ஒரு விஷயம் மாறிவிட்டது. தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டி, என் தங்கச்சி மெஷினு என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

நான் செய்தது தப்பு என்று என் வீட்டுக்காரர்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள், அண்ணனைக் கூட்டிப்போனாய், எந்தத் தங்கச்சியும் அதைத்தானே செய்வாள் என்றார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். இன்னொரு தடவை அப்படி ஒரு போன் வந்தாலும் நான் ஓடித்தான் போவேன். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர்தான் என்ன கேட்க வேண்டும் என்று எடுத்தே கொடுத்தாரே. அந்த வருத்தம் எனக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

அடுத்த வருஷம் அவருக்கு வாய்க்கவில்லை. மழைக்காலத்தில் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, அக்கரையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தில் ஒன்றும் இல்லை, நுரையீரல்தான் என்றார்கள். கடைசியாக நன்றாகப் பேசிய அன்று, "காப்புக் கட்டுறதுக்கு முன்ன மறக்காம அந்தப் பெட்டியைச் செக் பண்ணிடணும் பாப்பா, முன்னாடியே போயிட்டு வந்துடலாம்" என்றார். "போவோம்ணே" என்றேன்.

அவர் போன நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சு நின்ற பிறகும் திரையில் அதிர்வுக்கான கோடுகள் வந்துகொண்டே இருந்தன. நெட்டுக்குத்தாக ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. பெட்டி அதன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. இருபது வருஷமாகத் தெரிந்த படம்தான். உண்மையிலேயே பதில் வராமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர் திரையை அணைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரிப்பதற்கு முன்னால் பெட்டியை எடுத்துவிட வேண்டும், நெருப்பில் வெடித்துவிடும் என்று எடுத்துக் கையில் கொடுத்தார்கள். முழுசாகச் செய்து முடித்த பேஸ்மேக்கரை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டேன். வழவழவென்று, சுற்றி மூடி ஒட்டியிருந்தது. உள்ளே இருப்பது யார் பாஸ் போட்ட போர்டு என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு திருவிழா வந்தது. பெற்ற மகனுக்கு ஒரு வருஷத் துக்கம், கோயில் பக்கம் வரக் கூடாது. கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு அண்ணன் தீட்டு மூன்றே நாள்தான். சாத்திரம் இப்படியும் ஒரு வழி வைத்திருக்கிறது. பூசாரியிடம் போய், அண்ணனுடைய மூன்றாவது குடத்தை நான் எடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா எடும்மா" என்றார். தொழிற்சாலையில் லீவு வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டிலேயே போய்த் தங்கினேன். காப்புக் கட்டினார்கள். ஈரக் கயிறு மணிக்கட்டில் இறுகியது.

இரண்டு மூன்று நாள் கழித்து, அண்ணன் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரி நம்பர். புதுக் குரல், சின்னப் பெண். அண்ணன் இறந்தது அரசாங்க ஆஸ்பத்திரியில். ஜார்ஜ்டவுனுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியை நான்தான் பிளக்கிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன்.

"அக்கா, உங்க அண்ணன் மெஷின்ல இருந்து ரொம்ப நாளா ஒரு பதிலும் வரல. இந்த வாரம் ஒரு தடவை கூட்டிட்டு வர முடியுமா?"

அதே கேள்வி. ஒரு வார்த்தை மாறவில்லை. அண்ணன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இந்த வாரம் முடியாதும்மா. கோயில்ல காப்புக் கட்டியிருக்கு. கடல் தாண்டக் கூடாது."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"ஓ, அப்படியா அக்கா? பரவால்ல, திருவிழா முடிஞ்சே வாங்களேன். ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.

கீரையை மடியிலிருந்து கீழே வைத்தேன். அவ்வளவுதானா? அவ்வளவுதான். அண்ணன் அன்றைக்குச் சொல்லச் சொன்னதும் இதைத்தான். அந்தப் பெண் "அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, அண்ணன் தவறிவிட்டார் என்று அவளிடம் சொன்னேன்.